பின் பிரேக்

வலது கால் பெருவிரலை ஆட்டிப் பார்த்தாள் சுப்புத்தாய். ஆடியது. செருப்புக்குள்ளேயே ஐந்து விரலையும் மடக்கி நீட்டினாள். மடங்கின, நீண்டன, சொன்ன பேச்சைக் கேட்டன. அப்புறம் என்ன கேடு வந்தது காலையில் இந்தக் காலுக்கு? ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில் வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தது. ஓடத் தகுதி உண்டா என்று எஃப்சி காட்ட வந்த வண்டிகள் வேப்பமரத்தடியிலிருந்து காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. எல்லாம் பதினைந்து வருசத்தைத் தாண்டிய கிழடுகள். குளித்து முழுகி, எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கணக்காகப் பளபளவென்று நின்றன. சுப்புத்தாயின் கறுப்பு பைக்கும் நடுவில் நின்றது. அதன் மேல் அவள், சுடிதாருக்கு மேலே வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். வரிசையில் அவள் ஒருத்திதான் பொம்பளை. பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போகட்டும். அவள் இந்த வண்டியில் ஏறிய புதிதில் பார்க்காத பார்வையா? ஊரே வாயைப் பிளந்தது, பிறகு வாய் வலித்து மூடிக்கொண்டது. அதெல்லாம் அவளுக்குக் கால் தூசி. கால். மறுபடியும் கால். போன வேகத்தில் மனசு திரும்பி வந்து அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

காலையில் ரயில்வே கேட்டுக்கு முன்னால் வெங்காய லாரி ஒன்று நின்றிருந்தது. தூரத்திலேயே பார்த்துவிட்டாள், கண்ணில் ஒரு குறையும் கிடையாது. ஆக்சிலேட்டரை விட்டாள், பின் பிரேக்கை மிதித்தாள். மிதித்தாளா? மிதித்ததாகத்தான் நினைப்பு. ஆனால் வண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, சொல்லச் சொல்லக் கேட்காத பிள்ளை மாதிரி. லாரியின் பின்பலகை கிட்டே கிட்டே வந்தது, அதில் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சுக்கூடத் தெரிந்தது, கை தானாக முன் பிரேக்கை அமுக்கிப் பிடித்தது, இரண்டு வெங்காயம் போகிற இடைவெளியில் வண்டி நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் அய்யலுசாமி அவள் முதுகில் வந்து மோதிவிட்டு, "என்ன, வெங்காயம் வாங்கணுமா?" என்று கேட்டார். அவளும் சிரித்தாள். வேறென்ன செய்ய? ஆனால் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது லாரி இல்லை, அவளைப் பெற்ற அய்யாவின் செருப்பு. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அய்யா சந்தைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார், வலது கால் செருப்பு கழன்று ரோட்டிலேயே கிடந்தது, அவருக்குத் தெரியவில்லை, ஒற்றைச் செருப்போடு அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த ஒருத்தர் கூப்பிட்டுச் சொன்னதும் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மாசமே பாரிசவாயு வந்து வலது பக்கம் செத்துப் போனது. அய்யா கட்டிலோடு கட்டிலாகக் கிடந்த வருசங்களில் அந்தக் காலைத் தூக்கி வைத்ததும் துடைத்ததும் இவள்தான். அதனால்தான் பெருவிரல். ஆடுகிறதா? ஆடுகிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போது செருப்பு இரண்டும் காலில் இருந்ததா? இருந்தது. இப்போதும் இருக்கிறது. சனியனே, சும்மா இரு.

வரிசை ஒரு வண்டி நகர்ந்தது. அவளும் இஞ்சினைப் போடாமல் காலால் உந்தி நகர்ந்தாள். பாரு, உந்துதுல்ல, இந்தக் காலுதானே உந்துது. கோயம்புத்தூரில் இருக்கும் மகன் கண்ணபிரான் பொங்கலுக்கு வந்திருந்தபோது ஆரம்பித்து வைத்த வினை இது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினவன், துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னான். "எத்தன நாளைக்கும்மா நீ இந்த ஓட்ட வண்டியில ஊர் ஊராச் சுத்துவ? எஃப்சி முடியப் போகுதுல்ல, கொண்டு போய்க் காட்டு. பாஸாச்சுன்னா நான் வாயே தொறக்கல. பெயிலாச்சுன்னா வண்டிய வித்துத் தள்ளிட்டு ரெண்டு பேரும் எங்கூட வந்துரணும். ஒத்துக்கிறியா?" வண்டியைப் பெயில் போட்டுவிடுவார்களாம், அவள் வண்டியை. ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒத்துக்கிட்டேன் போடா!" என்று சொல்லிவிட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவளுக்கு ஈடு அவள்தான். அவன் சொன்னது வண்டியை மட்டும் இல்லை என்பது அப்போதே தெரியும். அம்பத்தெட்டு வயசாச்சு, உன்னால முடியல, ஒத்துக்கோ என்பதைத்தான் பிள்ளை துண்டில் கை துடைத்த மாதிரி நாசூக்காகச் சொன்னான். வண்டி நின்றால் என்னவெல்லாம் நிற்கும் என்று அவனுக்குத் தெரியுமா? அய்யலுசாமி மிஷினில் உட்கார்ந்து தைக்கிறவர், அளவெடுக்க நாலு வீடு ஏறி இறங்கத் தெரியாது, கூச்சம், பொம்பளைகளோடு பேசினால் தரையைப் பார்ப்பார். சுப்புத்தாய்தான் சுற்றுப்பட்டிக்கெல்லாம் போய் ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் அளவெடுப்பாள், துணியை மூட்டையாகக் கட்டி டேங்க் மேல் வைத்துக் கொண்டு வருவாள், தைத்ததைக் கொண்டு போய்க் கொடுத்து, கழுத்து இறக்கம் சரியாக இருக்கிறதா என்று போடச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். அவள் கால் வண்டியில் இருந்தால்தான் அவர் கால் மிஷினில் இருக்கும். கோயம்புத்தூரில் மகன் வீடு நாலாவது மாடி. அங்கே போய் அவர் யாருக்குத் தைப்பார், பால்கனிக்கா? மகன் தங்கமானவன்தான், மருமகளும் குணம்தான், அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். ஆனாலும் அங்கே போய் உட்கார்ந்தால் இவள் செத்துப் போவாள். காலையில் எழுந்ததும் எங்கேயாவது போகணும் அவளுக்கு.

வண்டி பாஸாகும். அதில் சந்தேகமே இல்லை, எழுதி வைத்துக்கொள்ளலாம். சுப்புத்தாய்க்கு வண்டியைப் பற்றித் தெரியாததை இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வந்து சொல்லணும். வாங்கும்போதே பழைய வண்டிதான். புரோக்கர் மீட்டரைக் காட்டி, "அக்கா, வாத்தியார் ஒருத்தர் ஓட்டுன வண்டி, பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும்தான் போயிருக்கு, பாருங்க எவ்வளவு கம்மியா ஓடியிருக்குன்னு" என்றான். அவள் மீட்டரைப் பார்க்கவே இல்லை. கீழே குனிந்து கால் வைக்கிற ரப்பரைப் பார்த்தாள், மொழுமொழுவென்று தேய்ந்து வழவழத்துக் கிடந்தது. சாவித் துவாரத்தில் சாவி ஆட்டம் போட்டது. வாத்தியார் பள்ளிக்கூடம் டெல்லியிலயா இருந்துச்சு என்று கேட்டாள், புரோக்கர் மூஞ்சி சுருங்கிவிட்டது. இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், சுட்டது. அவள் வருவதற்கு முன்னாலேயே ஓட்டிச் சூடு பண்ணி வைத்திருக்கிறான். ஆறிக் கிடக்கிற இஞ்சின்தானே உண்மையைச் சொல்லும். "நாளைக்கு வெள்ளன வாரேன், நான் வந்து நின்ன பெறகுதான் யாரும் வண்டிய ஒதைக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்து, மறுநாள் வெறும் வயிற்றோடு போய் நின்று, ஒரே உதையில் கிளம்பிய சத்தத்தைக் கேட்டாள். அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்கினாள். தண்ணியில்லாத கண்மாய்க்குள் உருட்டி விழுந்து எழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு ஓட்டப் படித்தாள். இன்றுவரைக்கும் நடுரோட்டில் அவளை நிறுத்தி வைத்து அழ விட்டதில்லை அந்த வண்டி.

முன்னால் ஒவ்வொருத்தனாக மாட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு இருக்கிற பயத்துக்கு நடுவிலும் அதைப் பார்க்கச் சுவாரசியமாகத்தான் இருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் நெட்டையாக, குடைக்குக் கீழே கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நின்றார். ஒருத்தன் டயர் மொட்டையாகிப் போனதை மறைக்க பூட்ஸுக்குப் போடுகிற கறுப்புப் பாலிஷைத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தான். இன்ஸ்பெக்டர் விரலால் தடவி அதை அவன் சட்டையிலேயே துடைத்தார். அடுத்த வண்டியில் சேசிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் துருதான் பூப்பூவாக விழுந்தது, ஒரு எழுத்து வரவில்லை. இன்னொருத்தன் ஹாரனை அமுக்கினான், ஆட்டுக்குட்டி இருமின மாதிரி ஒரு சத்தம். ஹெட்லைட்டைப் போட்டான், வெளிச்சம் வேப்பமர உச்சியைப் பார்த்தது. காக்காயப் புடிக்கவா போற என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கண்ணாடி கதைதான் பெரிய கதை. கேட்டுக்கு வெளியே ஒரு கடைக்காரன் சைடு கண்ணாடியை வாடகைக்கு விடுகிறான். உள்ளே வரும்போது மாட்டி விடுவான், காட்டி முடித்து வெளியே போனதும் கழற்றி அடுத்தவனுக்கு மாட்டுவான். "ஏன்யா, இந்தக் கண்ணாடி காலையில இருந்து நாலு வண்டியில வந்து என் மூஞ்சியப் பாத்துருச்சே" என்று இன்ஸ்பெக்டர் சொன்னதும் வரிசையே சிரித்தது. சுப்புத்தாயும் சிரித்தாள். அவள் வண்டியில் வாடகைச் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. டயர் புதுசு, செயின் புதுசு, ஹாரன் எருமையை எழுப்பும், பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு லைட் எரியும், போன வாரம் பிரேக் கட்டையைக் கூட அவளே உட்கார்ந்து மாற்றினாள்.

அதுதான் குத்தியது. பிரேக் கட்டை புதுசு. நட்டை அவள் கையால் முடுக்கினாள், சக்கரத்தைச் சுற்றிவிட்டு மிதித்துப் பார்த்தாள், கப்பென்று நின்றது. வண்டி தப்பு செய்யாது. வண்டி செய்யவில்லையென்றால் வேறு யார் செய்தது? அவ்வளவு பெரிய சாலையில் அவளும் வண்டியும்தானே. மிதித்தேன் என்று தலை சொல்கிறது, கால் மிதிக்கவில்லை. தலைக்கும் காலுக்கும் நடுவில் எங்கேயோ அறுந்திருக்கிறது. அய்யாவுக்கும் அப்படித்தானே, செருப்பு காலில் இருப்பதாகத் தலை நினைத்துக்கொண்டிருந்தது. லாரி இல்லாமல் அந்த இடத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று சைக்கிளில் நின்றிருந்தால்? அவள் அளவெடுத்த யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தால்? ஒருவேளை மகன் சொல்வது சரிதானோ? ஒரு நாளும் நினைக்காத நினைப்பு. அதை நினைத்ததுக்காகவே அவளுக்கு அவள் மேல் எரிச்சலாக வந்தது. சரியாம் சரி. வலது காலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். வலித்தது. வலித்ததில் ஒரு சந்தோசம். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "என்ன மைனி, பாம்பு கீம்பா?" என்றார். "எறும்பு அண்ணாச்சி" என்றாள்.

அய்யலுசாமி கேட்டுப் பக்கமிருந்து இரண்டு கையிலும் டீயோடு சிந்தாமல் வந்தார். நூல் கோர்க்கிற மாதிரித்தான் அவர் எதையும் செய்வார், நடப்பது உட்பட. "சுப்பு, குடி, ஆறிரும்." அவள் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. கேட்டுவிடலாமா? கேட்டால் பயந்துவிடுவார். கேட்காமலும் இருக்க முடியவில்லை. "ஏங்க, நான் நடக்கும்போது எப்பயாச்சும் காலை இழுக்குறேனா?" அவர் டீயை ஊதிக்கொண்டே, "நீயா? நீ நடந்தா நானு பின்னாடி ஓடி வர வேண்டியிருக்கு" என்றார். பிறகு குனிந்து பின் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டி, "வரும்போது கவனிச்சியா?" என்று கேட்டார். தெரிந்துவிட்டது மனுசனுக்கு. "என்னத்த?" "சத்தமே இல்ல பாத்தியா!" முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நாலு நாளா நீ பிரேக்கப் புடிக்கும்போதெல்லாம் கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டு இருந்துச்சுல்ல? சத்தம் போடுற வண்டிய கண்ண மூடிக்கிட்டுப் பெயில் போட்டுருவாங்கன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்க. நேத்து சாயங்காலம் நீ வண்டியக் கழுவித் தொடச்சு வச்சுட்டு கொளத்தூருக்கு சட்ட குடுக்க நடந்து போனேல்ல, அப்ப மிஷின் எண்ணெய எடுத்து சக்கரத்துக்குள்ள, அந்தச் சந்து இருக்குல்ல, அதுல நல்லா விட்டேன். அரைக் குப்பி குடிச்சிருச்சு சுப்பு. இப்பப் பாரு, பூன நடந்து வார மாதிரி வருது."

எண்ணெய். பிரேக்கில். தையல் மிஷின் எண்ணெய். புதுக் கட்டை கொஞ்ச நாளைக்குக் கத்தத்தான் செய்யும், தேய்ந்து படிந்தால் தானாக அடங்கும். அதில் போய் எண்ணெயை விட்டால் கட்டை எதைப் பிடிக்கும், வழுக்கிக்கொண்டு போகாமல் என்ன செய்யும்! அடப்பாவி மனுசா! அவள் கால் மிதித்திருக்கிறது. மிதி மிதியென்று மிதித்திருக்கிறது. தலைக்கும் காலுக்கும் நடுவில் ஒன்றும் அறுந்து போகவில்லை, அய்யாவின் செருப்பு அய்யாவோடு போய்விட்டது. எழுந்து நின்று அந்த மைதானத்தையே ஒரு சுற்றுச் சுற்றி ஓடி வரலாம் போல இருந்தது. அடுத்த நொடியே அவரைப் பிடித்து உலுக்கலாம் போலவும் இருந்தது. ஊரான் வண்டிக்கெல்லாம் காது கொடுக்கிறவள், காலையில் தன் வண்டி கத்தாமல் வந்ததைக் கவனிக்கவில்லையே, அந்தக் காதை எங்கே அடகு வைத்தாள்? அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எது கீச்சென்றாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். கதவுக் கீல், கட்டில் கால், மின்விசிறி, பக்கத்து வீட்டுக் கிணற்று உருளை, எல்லாவற்றுக்கும் இரண்டு சொட்டு விட்டுவிட்டுத்தான் படுப்பார். தையல்காரனுக்கு உலகத்தில் இருக்கிற எல்லாச் சீக்குக்கும் மருந்து அந்த எண்ணெய்தான். ஆனால் லாரியில் மோதி அவரும்கூடச் செத்திருப்பார். இரண்டு பேரும் சேர்ந்தே போயிருப்போம். சொல்லிவிடலாமா? பூனை மாதிரி வருது என்று சொன்ன அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "நல்லா இருக்குங்க" என்றாள். டீயை ஒரே மடக்கில் குடித்தாள். "நீங்க போயி மரத்தடியில நில்லுங்க, வெயில் அடிக்குது."

முன்னால் இரண்டே வண்டி. வரிசையை விட்டு விலகினால் இன்றைய முறை போயிற்று, மகனுக்குப் பதில் சொல்லணும். விலகுவானேன்? அவளுக்கா தெரியாது? கியரை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, முன் பிரேக்கைப் பதமாகப் பிடித்தால், சொன்ன இடத்தில் வண்டி நிற்கும். காலை மிதிகட்டை மேல் வைத்தால் பின்னால் லைட்டும் எரியும். எந்த இன்ஸ்பெக்டருக்குத் தெரியப் போகிறது? காட்டி முடித்ததும் அந்த மரத்தடியிலேயே கழற்றி பெட்ரோல் ஊற்றித் துடைத்துவிடலாம். திருட்டுத்தனம்தான். ஆனால் வாடகைக் கண்ணாடியைவிடக் குறைந்த திருட்டு. கால் வந்துவிட்ட தெம்பில் அவளுக்கு எல்லாம் முடியும் என்று தோன்றியது. லாரிக்குப் பின்னால் இரண்டு வெங்காய இடைவெளியில் நிறுத்தினவள், ஒரு சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்த மாட்டாளா?

"அடுத்த வண்டி. ஓ, அம்மாவா?" இன்ஸ்பெக்டர் கூலிங்கிளாஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். ஹாரனை அடிக்கச் சொன்னார், அடித்ததும் ஒரு அடி பின்னால் போனார். லைட் சரி, இண்டிகேட்டர் சரி. சேசிஸ் நம்பர் பேப்பரில் அச்சுப் போட்ட மாதிரி விழுந்தது. "கண்ணாடி சொந்தமா?" "சொந்தம்தான் சார், கழட்டிப் பாருங்க." "வேண்டாம் வேண்டாம். அந்தக் கடைசிக்குப் போயி ஓட்டிட்டு வந்து இந்தக் கோட்டுல நிறுத்துங்க." போனாள், திரும்பினாள், வந்தாள். மூன்று, இரண்டு, ஒன்று, முன் பிரேக். முன் சக்கரம் சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. வரிசையில் யாரோ "சபாஷ்" என்றார்கள். உச்சி குளிர்ந்து போனது அவளுக்கு. மரத்தடியில் அய்யலுசாமி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டே பேனாவை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தினார். "இன்னொரு தடவை வாங்கம்மா. வலது கையில பிரேக்கத் தொடாதீங்க. பின் பிரேக்குல மட்டும் நிறுத்துங்க."

மறுபடியும் கடைசிக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே ஒரு நினைப்புதான். வண்டி நிற்காது. நிற்காது என்று தெரிந்தே ஓட்டிக்கொண்டு வந்தாள். கோடு வந்தது. மிதித்தாள். அம்மாடி, என்ன மிதி! தொடையிலிருந்து குதிகால் வரைக்கும் நரம்பு நரம்பாகத் தெரிந்தது, மிதிகட்டை வளைகிற மாதிரி இறங்கியது. இது செத்த காலாடா, கண்ணபிரான், இதுவா செத்த கால்! வண்டி கோட்டைத் தாண்டி, குடையைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டிப் போய்க் காம்பவுண்டுச் சுவர் பக்கம் மண்ணில் தானாக வேகம் செத்து நின்றது. வரிசையில் ஒரே சிரிப்பு. இன்ஸ்பெக்டர் நடந்து வந்து, பின் சக்கரத்துப் பக்கம் குந்தி, விரலால் வழித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். விரல் மினுமினுத்தது. "எண்ணெய் வழியுதேம்மா. பிரேக்குல போயி எவன் எண்ணெய் விட்டது? யாரு மெக்கானிக்கு?"

மரத்தடியில் இரண்டு காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அய்யலுசாமி நின்றார். சிரிப்பு நின்று எல்லாரும் அவளையே பார்த்தார்கள். வண்டியைப் பற்றித் தெரிந்தவள் என்ற பெயர் ஒன்றுதான் அவள் சேர்த்து வைத்திருந்த சொத்து. இந்த வரிசையில் பாதிப் பேர் பழைய வண்டி வாங்கும்போது அவளை வந்து பார்க்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனவர்கள். "நான்தான் சார் விட்டேன்" என்றாள். "கீச்சுன்னு சத்தம் கேட்டுச்சு. விட்டுட்டேன்." சொன்னதும் சிரிப்பு பழையபடி கிளம்பியது, இரண்டு மடங்காக. "மைனி, தோசக்கல்லுன்னு நெனச்சிட்டீகளா?" என்றார் அந்த எறும்பு அண்ணாச்சி. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "இவ்வளவு நல்லா ஓட்டுறீங்க, இது தெரியாதா? முன் பிரேக்க வச்சு என்னயே ஏமாத்தப் பாத்தீங்க. மத்தியானம் ஒரு மணிக்குள்ள கழட்டித் தொடச்சு சரி பண்ணிட்டு வாங்க, பாக்குறேன். இப்போதைக்கு பெயில்தான்." அவமானமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். முகம் எரிந்தது, காதெல்லாம் சூடாகிப் போனது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளணும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு மரத்தடிக்கு வந்து ஸ்டாண்டு போட்டாள். பக்கப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து அச்சு நட்டைத் தளர்த்தினாள். டம்ளரைக் கீழே போடக்கூட அய்யலுசாமிக்குத் தோன்றவில்லை. "சுப்பு, அந்த லாரிகிட்ட..." என்று ஆரம்பித்தார். "ம்" என்றாள். "புடிக்கலையா அப்பவே?" "புடிக்கல." "நான் வெங்காயம் வாங்கணுமான்னு கேட்டேனே" என்று சொல்லிவிட்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். உதடு கோணிக்கொண்டு போனது. அவள் சக்கரத்தை உருவி எடுத்தாள். உள்ளே தெப்பமாக எண்ணெய். கட்டை இரண்டும் வடையைப் பொரித்து எடுத்த மாதிரி இருந்தன. டேங்கிலிருந்து வரும் டியூபை உருவிப் பெட்ரோலைத் துணியில் பிடித்தாள், துடைக்க ஆரம்பித்தாள். கை இரண்டும் கறுப்பாகிப் போன நேரத்தில்தான் துணிப்பைக்குள் போன் அடித்தது. கண்ணபிரான். அவனைத் தவிர இந்த நேரத்துக்கு யார்? அடிக்கட்டும் என்று விட்டாள். நின்று, மறுபடியும் அடித்தது.

அய்யலுசாமி எழுந்தார். பைக்குள் கையை விட்டார். போனில் பேசவே அவருக்குப் பிடிக்காது, மகன் பேசினால்கூட, "இந்தா ஒங்கம்மாட்டக் குடுக்கேன்" என்று கொடுத்துவிடுகிற ஆள். இப்போது பொத்தானைத் தேடி அமுக்கி, காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினார். "கண்ணா, அப்பா பேசுறேன். ஆமா, காட்டியாச்சு. பெயிலு." அந்தப் பக்கம் என்னவோ சொன்னான். இவர் கேட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார். "இரு, நான் சொல்றதக் கேளு. ஒங்கம்மா ஒத்துக்கிட்டா, சரி. என்னையக் கேட்டியா நீ? அவ பின்னாடி உக்காந்து போறவன் நானுடா. இத்தன வருசமா அவ முதுகுல சாஞ்சு தூங்கிக்கிட்டே போயிருக்கேன். அவ ஓட்டுறது சரியில்லன்னா மொதல்ல பயப்பட வேண்டியவன் நான்தான? எனக்கு பயமில்ல. பிரேக்கக் கெடுத்தது நான். எண்ணெய விட்டு நான் கெடுத்துட்டேன். கெட்டுப்போன பிரேக்க வச்சுக்கிட்டு லாரியில மோதாம வண்டிய நிறுத்தி என்னைய உசுரோட கொண்டாந்து எறக்கியிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அதனால வண்டியத் தொடக் கூடாதுன்னு யாரையாச்சும் சொல்லணும்னா என்னையச் சொல்லு. அவ ஓட்டுவா. நான் பின்னாடி உக்காருவேன். எனக்கு பயம் வார அன்னைக்கு நானே சொல்றேன், நீ சொல்லாத." முக்கால்வாசி வரிசை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. பொம்பளைகளிடம் அளவு கேட்கவே தரையைப் பார்க்கிற மனுசன், யாரையும் பார்க்காமல், வேப்பமரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டு பேசினார். தோசைக்கல் என்று சொன்ன அண்ணாச்சி ஹேண்டில்பாரைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

சுப்புத்தாய்க்குக் கண் நிறைந்து சக்கரம் இரண்டாகத் தெரிந்தது. முழங்கையால் முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கரி. மனசு ஒரு நாளும் இல்லாத அளவுக்கு லேசாக இருந்தது. போனில் மகன் இன்னும் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான், அவருக்கு எப்படி அணைப்பது என்று தெரியவில்லை. "அதப் பைக்குள்ள போட்டுட்டு இங்க வந்து சக்கரத்தப் புடிங்க" என்றாள். "நேராப் புடிங்க. பேச்சு ரொம்பக் கூடிப் போச்சு இன்னைக்கு."

அவர் குனிந்து இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் கட்டையை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தாள். மணி இன்னும் பன்னிரண்டாகவில்லை.